நாடகத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "எனக்கு நடிப்பு வராது, ஆனால் நாடகக் குழுவில் சேர ஆசை. பின்னால் வேலை இருக்கிறது, வா என்கிறார்கள். திரை இழுப்பது, நாற்காலி நகர்த்துவது தவிர அங்கே அப்படி என்ன வேலை இருக்கும்? எந்தப் பிரிவில் சேரலாம்?"

திரை இழுப்பதும் நாற்காலி நகர்த்துவதும்தான் வேலை. ஆனால் அந்த நாற்காலியைக் கும்மிருட்டில், சத்தம் வராமல், பத்துப் பதினைந்து விநாடிக்குள், நேற்று வைத்த அதே இடத்தில் வைக்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொருவர் மேசையோடு வருவார், தலைக்கு மேலே படுதா ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும், நடிகர் ஒருவர் கண் தெரியாமல் தடவிக்கொண்டு வெளியேறுவார். நின்று யோசிக்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே யோசித்து, எழுதி, ஒட்டி, கட்டி முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.

ஒரு காட்சி மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கூடம் போய்க் காவல் நிலையம் வர வேண்டும். இருபது விநாடி, நான்கு பேர். யார் எதை எடுப்பது, எந்தப் பக்கமாக வெளியேறுவது, திரும்பி வரும்போது கையில் எதைக் கொண்டுவருவது என்று ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதியிருக்கும். வெறுங்கையோடு யாரும் மேடையைக் கடக்கக் கூடாது, அது வீண் நடை. சோபா போனால்தான் காவல் நிலைய மேசைக்கு வழி கிடைக்கும் என்றால், சோபாக்காரர் கிளம்பும்வரை மேசைக்காரர் கை அரித்தாலும் நிற்க வேண்டும். தரையில் காட்சிக்கு ஒரு நிறமாகச் சின்னச் சின்ன டேப் துண்டுகள் ஒட்டியிருக்கும். நீலம் என்றால் முதல் காட்சி, மஞ்சள் என்றால் இரண்டாவது, இப்படி. நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் அந்தக் குறிகளில் உட்கார்ந்தால் போதும், மீதி தானாகச் சரியாக இருக்கும். படிக்கட்டின் விளிம்பிலும் மேடையின் முனையிலும் இருட்டில் ஒளிரும் டேப். அதைக் கண்டபடி ஒட்டக் கூடாது. பார்வையாளர் கண்ணில் பட்டால் மேடையில் மின்மினி பறப்பதுபோல் ஆகிவிடும்.

இதில் கண்ணைப் பற்றிய சங்கதி ஒன்று உண்டு. கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பளீர் வெளிச்சத்தில் நடித்துக்கொண்டிருந்தவருக்கு விளக்கு அணைந்ததும் ஒன்றுமே தெரியாது. பக்கத்திரை மறைவில் நின்றவருக்கு ஓரளவு தெரியும். அதனால் அனுபவசாலிகள் விளக்கணைவதற்கு முன் மேடைப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். சிலர் ஒரு கண்ணை மூடி வைத்திருந்து, அணைந்த பிறகு திறப்பார்கள். நடிகரின் முழங்கையைப் பிடித்து வழிகாட்டி வெளியே கொண்டுவருவதும் இவர்கள்தான். பக்கத்திரைக்குப் பின்னால் மங்கலான நீல விளக்கு ஒன்று எரியும். வேலைக்கு அந்த வெளிச்சம் போதும், முன்வரிசையில் இருப்பவருக்கு அது தெரியாது.

இப்படி இருட்டுக்குள் ஒளிவதுதான் ஒரே வழி என்றில்லை. ஜப்பானின் கபுகி நாடகத்தில் குரோகோ என்ற உதவியாளர்கள் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திக்கொண்டு, முழு வெளிச்சத்தில், நடிகருக்குப் பக்கத்திலேயே வந்து பொருளைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். கறுப்பு உடுத்தியவர் இல்லாதவர் என்று பார்வையாளர் ஏற்றுக்கொள்வதுதான் அங்கே ஒப்பந்தம். சுழலும் மேடையும் கபுகியில்தான் பெரிய அளவில் வந்தது. 1758இல் ஒசாகாவில் நமிகி ஷோஸோ அதை அமைத்தார். மேடைக்கு அடியில் நின்று ஆட்கள் தள்ளுவார்கள்.

சரி, இத்தனை பேரும் எப்போது நகர வேண்டும் என்று யார் சொல்வது? மேடை நிர்வாகி. இவரை விட்டுவிட்டுப் பின்னரங்கத்தைப் பற்றிப் பேச முடியாது. இவர் கையில் நாடகப் பிரதி ஒன்று இருக்கும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் குறிப்புகள். நடிகர் எந்த வார்த்தையில் எழுகிறார், எந்தக் கதவு வழியாகப் போகிறார், எந்த அசையில் விளக்கு மாறுகிறது, எல்லாம் அதில் பென்சிலில் இருக்கும். பேனா கிடையாது, ஏனென்றால் ஒத்திகை முடியும்வரை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். விளக்கு மாற்றங்களுக்கு வரிசை எண் உண்டு. 42க்கும் 43க்கும் நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அதற்கு 42.5 என்று பெயர். மற்ற எண்களைத் தொட மாட்டார்கள், தொட்டால் எல்லோருடைய தாளும் குழம்பிவிடும்.

நாடகம் ஓடும்போது இவர் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, விளக்கு, ஒலி, படுதா ஆட்கள் எல்லோரோடும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். அரை நிமிடத்துக்கு முன்னால் "லைட் 42, சவுண்ட் 17, ஸ்டாண்ட்பை" என்பார். விளக்குக்காரரும் ஒலிக்காரரும் தயார் என்று பதில் சொல்வார்கள். இடம் வந்ததும் "லைட் 42, சவுண்ட் 17... கோ." அந்தக் "கோ" எப்போதும் கடைசியில்தான் வரும். கேட்பவரின் விரல் பொத்தான்மேல் காத்திருக்கிறது, அந்த ஓசை விழுந்ததும் விரல் அழுத்திவிடும். அதனால்தான் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பார்கள். ஹெட்செட் இல்லாத இடத்தில் நிற்பவருக்குச் சின்ன விளக்கு: சிவப்பு எரிந்தால் தயாராகு, பச்சை எரிந்தால் செய்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சொல்லுக்கும் விரலுக்கும், விரலுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. நடிகை சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டும்போது அறை வெளிச்சமாக வேண்டும் என்றால், கை சுவிட்சைத் தொட்ட பிறகு "கோ" சொன்னால் காரியம் கெட்டது. கை உயர ஆரம்பிக்கும்போதே சொல்ல வேண்டும். அவர் இன்றைக்குச் சற்றுச் சோர்வாக, மெதுவாகக் கை தூக்குகிறார் என்றால் அதற்கேற்பத் தாமதிக்க வேண்டும். இதற்கு எந்தக் கணினியும் இன்னும் சரியாக ஈடுகொடுப்பதில்லை. பெரிய தயாரிப்புகளில் நாடகம் அரங்கேறியதும் இயக்குநரின் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. அதன்பின் தினமும் அதே நாடகம் நடக்கிறதா, நடிகர் ஒருவர் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒரு சிரிப்பை இழுக்கிறாரா என்று பார்த்துச் சொல்வதும் மேடை நிர்வாகிதான். அதனால் நடிகர்களுக்கு இவரிடம் கொஞ்சம் பயம் இருக்கும். இருப்பது நல்லது.

இத்தனையும் பொருந்துவது தொழில்நுட்ப ஒத்திகையில். நடிகர்களுக்கு அது சித்திரவதை. வசனத்தை முழுதாகச் சொல்ல விடாமல், ஒரு மாற்றம் முடிந்ததும் அடுத்த மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வரிக்குத் தாவச் சொல்வார்கள். ஒரே விளக்கணைப்பை ஐந்து முறை, ஆறு முறை திரும்பத் திரும்பச் செய்வார்கள். பத்து நிமிடக் காட்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போவது சாதாரணம். பின்னால் இருப்பவர்களுக்கோ அதுதான் உண்மையான ஒத்திகை. அதுவரை அவர்கள் தாளில் இருந்ததை முதன்முதலாகக் கைகாலோடு செய்து பார்ப்பது அன்றுதான்.

இனி ஆபத்தான பகுதி: மேலே. பெரிய அரங்குகளில் மேடைக்கு மேலே, பார்வையாளர் பார்க்கும் மேடைத் திறப்பின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு அளவுக்கு வெற்றிடம் இருக்கும். படுதாக்கள், தொங்கும் செட் துண்டுகள், விளக்குகள் மாட்டிய இரும்புக் குழாய்கள் எல்லாம் அங்கே ஏற்றி மறைத்து வைக்கப்படும். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு துண்டை ஒரே ஆள் கையால் ஏற்றி இறக்க முடிவது எதிர் எடையால்தான். சுவர்ப்பக்கத்தில் உள்ள சட்டத்தில் இரும்புக் கட்டிகளை அடுக்குவார்கள். குழாயில் தொங்கும் எடையும் சட்டத்தில் உள்ள எடையும் சமமாக இருந்தால் கயிறு லேசாக ஓடும்.

சமம் தப்பினால்? அதற்காகத்தான் எந்த மன்னிப்பும் இல்லாத ஒரு வரிசை இருக்கிறது. மாட்டும்போது முதலில் குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கி அதில் பொருளைக் கட்டு, பிறகு மேலே எடையை அடுக்கு. கழற்றும்போது முதலில் எடையை எடு, பிறகு பொருளை அவிழ். இதை மாற்றிச் செய்து பொருளை முதலில் அவிழ்த்துவிட்டால், எதிர்ப்பக்கம் கனம் மிஞ்சி நிற்கும். பிடி நழுவியதும் இரும்புச் சட்டம் சரேலெனக் கீழே வரும், வெறும் குழாய் மேலே பறக்கும். கயிற்றை எட்டிப் பிடிக்க நினைப்பவரையும் சேர்த்துத் தூக்கிவிடும். பிடிக்காதே, கத்து, விலகு என்றுதான் கற்றுக்கொடுப்பார்கள். எதையாவது இறக்கும்போதும் மேலிருந்து ஒரு கருவி நழுவினாலும் "தலை! தலை!" என்று குரல் கொடுப்பது கட்டாயம். அதைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பவர் புதியவர், நகர்பவர் பழையவர்.

மேடையில் சீட்டியடிக்கக் கூடாது என்றொரு நம்பிக்கை ஐரோப்பிய அரங்குகளில் இன்றும் உண்டு. பழைய காலத்தில் கயிறு வேலைக்குக் கப்பலோட்டிகளை வைத்தார்கள், அவர்கள் சீட்டியால்தான் சைகை கொடுத்துக்கொள்வார்கள், யாராவது சும்மா சீட்டியடித்தால் தலையில் மூட்டை இறங்கிவிடும் என்று காரணம் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, ஒழுங்காகச் சொல்லப்படாத சைகை ஆளைக் கொல்லும் என்பது உண்மை.

இந்த இயந்திர வேலையின் வயது கொஞ்சநஞ்சமில்லை. 1640களில் வெனிஸில் ஜாகொமோ டொரெல்லி என்பவர், மேடையின் இருபுறமும் நிற்கும் தட்டிகளை எல்லாம் மேடைக்கு அடியில் ஓடும் வண்டிகளோடு பிணைத்து, ஒரே உருளையில் கயிறு சுற்றி, மொத்தக் காட்சியையும் பார்வையாளர் கண்முன்னே ஒருசேர மாற்றிக் காட்டினார். அதே வகை மரச் சக்கரங்களும் கயிறுகளும் ஸ்வீடனில் 1766இல் கட்டப்பட்ட டிராட்னிங்ஹோம் அரங்கில் இன்றும் இயங்குகின்றன. அங்கே மேடைக்குக் கீழே ஆட்கள் நின்று சக்கரத்தைச் சுற்றுகிறார்கள், மேலே அரண்மனை காடாகிறது.

விளக்குப் பிரிவைப் பற்றி வேறு இடங்களில் நிறையப் படிக்கக் கிடைக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் ஏணிமேல் வேலை, இரவில் விளக்குகளை இயக்கும் பலகைமுன் வேலை. தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பிடிக்கும் திருகு தவிரத் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி கட்ட வேண்டும். திருகு கழன்றாலும் கீழே இருப்பவர் தலை தப்பும். காட்சிக்கு முன் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக எரியவிட்டுச் சோதிப்பார்கள். 1986இல் வந்த டிஎம்எக்ஸ் 512 என்ற பொதுமுறைக்குப் பிறகு ஒரே கம்பியில் 512 கட்டுப்பாட்டு வழிகள் போகின்றன. எந்தக் கம்பெனி பலகையும் எந்தக் கம்பெனி விளக்கோடும் பேசும். அதற்கு முன் ஆளுக்கொரு மொழி. ஒலிப் பிரிவிலோ பாதி வேலை வியர்வையோடு சண்டை. நடிகரின் முடிக்குள் மறைத்த மைக் நனைந்தால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பேட்டரி நேற்று மாற்றியதுதானே என்று யாரும் விடுவதில்லை, ஒவ்வொரு காட்சிக்கும் புதிது அல்லது முழுவதும் சார்ஜ் ஏற்றியது.

பொருள் பிரிவுக்குப் பொறுமைசாலிகள் வேண்டும். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு நீள மேசை. அதன்மேல் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து, சுற்றிக் கோடு போட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள்: கடிதம், மூக்குக் கண்ணாடி, இரண்டாம் அங்கத்துத் துப்பாக்கி. கோட்டுக்குள் பொருள் இல்லை என்றால் அது காணோம் என்று அர்த்தம், பட்டியலைத் தேட வேண்டாம். நடிகர் பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், அதை வேறு யாரும் தொடக் கூடாது. பொம்மைத் துப்பாக்கியானாலும் பூட்டி வைத்து, ஒரே ஆள் பொறுப்பில், எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் திறந்து காட்டிச் சரிபார்க்க வேண்டும். மேடையில் கிழிக்கப்படும் கடிதம் என்றால் காட்சிக்கு ஒன்று வீதம் முன்கூட்டியே எழுதி அடுக்கி வைக்க வேண்டும். அதில் வெறும் கிறுக்கல் இருந்தால் நடிகருக்குப் படிக்கும் பாவனை வராது என்று உண்மையான வாசகத்தையே எழுதி வைப்பவர்களும் உண்டு. சாப்பிடும் காட்சி வந்தால் தலைவலி இரட்டிப்பு: பொருள் கெடக் கூடாது, மென்றுகொண்டே வசனம் பேச வரவேண்டும், நடிகருக்கு ஒவ்வாமை இருக்கக் கூடாது.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது உடைப் பிரிவுதான், அதிலும் அவசர உடைமாற்றம். நாற்பது விநாடியில் விதவைக் கோலத்திலிருந்து மணப்பெண்ணாக வேண்டும். ஒப்பனை அறைவரை ஓட நேரமில்லை, பக்கத்திரை ஓரத்திலேயே ஒரு மூலை. உடையாளர் இரண்டு பேர் முன்பே வந்து, புது உடையைத் தரையில் வட்டமாக விரித்து வைத்திருப்பார்கள். நடுவே கால் வைக்க இடம். செருப்பு அந்த இடத்தின் முன்னால், முனை வெளிப்பக்கமாக. நடிகை வந்து கால் வைப்பார், கைகளைப் பக்கவாட்டில் நீட்டுவார், அவ்வளவுதான் அவர் வேலை. பின்னால் நிற்பவர் பழைய உடையின் முதுகைப் பிளப்பார். பொத்தான்கள் வெளியே தெரிந்தாலும் அவை வெறும் அலங்காரம், உள்ளே ஒட்டுப்பட்டை. முன்னால் நிற்பவர் புதியதைக் கீழிருந்து தூக்குவார். நகை எல்லாம் ஒரே துணிப்பட்டையில் தைத்திருக்கும், ஒரே கொக்கியில் கழுத்துக்கு ஏறும். நடிகை தானாக உதவப் போனால்தான் கை சிக்கும். அதனால் "சும்மா நில்லுங்கள் அக்கா" என்பதுதான் உடையாளர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். இதையும் ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பழகுவார்கள், முதலில் வெளிச்சத்தில், பிறகு இருட்டில்.

நெருப்பைச் சொல்லாமல் விட முடியாது. பழைய அரங்குகளை நெருப்பு தின்றதற்குக் கணக்கில்லை: துணி, மரம், சாயம், நடுவே எரியும் வாயு விளக்குகள். 1881இல் லண்டனில் சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்கு போட்டபோது அதன் முதலாளி ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடையில் வந்து, எரியும் பல்பு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்து, துணி பற்றவில்லை என்று காட்டினார். பயம் அவ்வளவு இருந்தது. ஆனால் மின்சாரம் வந்ததும் பயம் போய்விடவில்லை. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரக்வாய் அரங்கில் பகல் காட்சியின்போது மின்வில் விளக்கின் (ஆர்க் லைட்) பொறி திரையில் பட்டுத் தீப்பிடித்தது. தீ பார்வையாளர் பக்கம் போகாமல் காக்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. மேடைக்கு மேலே புகை போக வேண்டிய திறப்புகள் திறக்கவில்லை. நடிகர்கள் தப்பிக்கப் பின்கதவைத் திறந்ததும் காற்று புகுந்து தீயைப் பார்வையாளர் பக்கம் தள்ளியது. பல கதவுகள் பூட்டியிருந்தன. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று திரைத்துணிக்குத் தீத்தடுப்பு மருந்து அடிப்பது, வெளியேறும் வழியில் ஒரு பெட்டிகூட வைக்கவிடாமல் மேடை நிர்வாகி கத்துவது, சில நாடுகளில் பாதுகாப்புத் திரையைப் பார்வையாளர் முன்னிலையில் இறக்கிக் காட்டுவது எல்லாம் இப்படிப்பட்ட தீக்களுக்குப் பிறகு வந்தவை. உங்களை ஒருநாள் "அந்த ஏணியை அங்கே சாய்க்காதே" என்று திட்டினால் கோபப்படாதீர்கள்.

சரி, எதில் சேரலாம்? எதையும் கவனமாகப் பட்டியலிடும் பழக்கம் இருந்தால் பொருள் பிரிவு. தையல் தெரிந்து, பதற்றத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்தும் குணமும் இருந்தால் உடை. உயரத்துக்கும் மின்சாரத்துக்கும் பயமில்லாமல், அதே சமயம் மரியாதையும் இருந்தால் விளக்கு. சங்கீதத்தில் தாளம் பிசகாமல் எண்ணத் தெரிந்தவர்கள் மேடை நிர்வாகத்தில் நன்றாக வருவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதற்கு நேராகப் போய்ச் சேர முடியாது. உதவி நிர்வாகியாக ஒத்திகை அறையைப் பெருக்கி, தரையில் செட் அளவுக்கு டேப் ஒட்டி, மறந்த வரியை எடுத்துக் கொடுத்துப் பழக வேண்டும். கயிறு வேலைக்கு மட்டும் தெரிந்தவர் ஒருவரின் கண்பார்வையில் பழகாமல் கை வைக்காதீர்கள். ஆர்வத்தால் ஈடுகட்டக்கூடிய வேலை அல்ல அது.

ஒன்றும் புரியவில்லையா, முதல் நாடகத்துக்குக் காட்சி மாற்றும் குழுவில் சேர்ந்துவிடுங்கள். எல்லாப் பிரிவுகளும் அங்கிருந்து கண்ணில் படும். சத்தம் வராத ரப்பர் அடிச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள், கால்விரல்மேல் எதுவும் விழலாம். கறுப்பு முழுக்கை உடை, சின்ன டார்ச், பென்சில், கையுறை போதும். வளையல், கொலுசு, சாவிக்கொத்து எல்லாம் வீட்டில். கைபேசியை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தாலும் மரத்தட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் அரைமணிதான் என்று எல்லோருக்கும் அறிவிக்கும் அரைமணி அழைப்புக்கு முன்னால் வந்து நில்லுங்கள். பிரிட்டனில் அந்த அழைப்பு திரை எழ 35 நிமிடம் இருக்கும்போதே வந்துவிடும், கடைசி ஐந்து நிமிடம் நடிகர்கள் இடத்துக்கு வந்து நிற்பதற்கு. தெரியாததைக் காட்சிக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். நடுவில் ஏதாவது தப்பாகப் போனால் நீங்களாகச் சரிசெய்ய மேடைக்குள் ஓடாதீர்கள், நிர்வாகியிடம் சொல்லுங்கள். தடுக்கி விழுந்த நாற்காலியை நடிகரே வசனத்தோடு நிமிர்த்திவிடுவார், பார்வையாளருக்கு அது நாடகம். கறுப்புச் சட்டையில் நீங்கள் ஓடினால்தான் அது விபத்தாகத் தெரியும்.

கடைசிக் காட்சி முடிந்த இரவு வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செட்டைக் கழற்றி, ஆணி பிடுங்கி, தரையில் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, வண்டியில் ஏற்றும்வரை வேலை இருக்கும். மறுநாள் காலை அந்த மேடை வேறொரு குழுவுக்கு. புதியவர்களில் யார் அன்று கடைசிவரை நின்றார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடுவார்கள்.